பாட்டுக் கட்டுவோரும் பாடுவோரும்: போட்டி மேடைவழி வந்த கிராமியப் பாடகர்கள் குறித்துப் பேராக்கிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

2018ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறைவுற்ற விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாம் பருவத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த செந்தில் கணேஷ் முதற்பரிசு பெற்றார். அவரும் அவர்தம் துணைவியார் ராஜலட்சுமியும் அப்போட்டியில் தம்மைக் கிராமியப் பாடகர்களாகவே நிறுத்திக்கொண்டனர். அவர்தம் உடை, உச்சரிப்பு, பாடல் தேர்வு ஆகிய மூன்றும் அதற்கு இயைந்தன. திரையிசையையே அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த ஒரு மேடையில் தெம்மாங்குக் குரல் முடிசூடியது தமிழ்நாட்டில் மட்டுமன்றி, அந்நிகழ்ச்சியை வீட்டிலிருந்தே காணும் வாய்ப்புடைய மலேசியத் தமிழரிடையேயும் பெரிதும் பேசப்பட்டது. ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் போன்ற ஊர்களில் பள்ளிப் போட்டிகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள் இதன் விளைவை நேரே கண்டிருப்பர்.

இவ்வெற்றியைப் பாராட்டி எழுதுவோர் பலர். ‘நாட்டுப்புறக் கலை வணிகமாகிவிட்டது’ என வருந்தி எழுதுவோரும் சிலர். இரண்டும் எளிய நிலைப்பாடுகளே. போட்டி மேடையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் செல்லும் பாதையில் கிராமியப் பாடகர் எதைப் பெறுகிறார், எதைக் கைவிட நேர்கிறது என்னும் ஒரு வினாவை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அப்பாதை குரலுக்கு மதிப்பைத் தருகிறது. பாட்டுக் கட்டும் உரிமையை மெல்லப் பிரித்தெடுக்கிறது என்பது நம் கருத்து. தோட்டங்கள் மறைந்து வரும் பேராக் மாநிலத்தில் இப்பிரிவின் விளைவு தமிழ்நாட்டைக் காட்டிலும் கடுமையானது என்பதையும் நிறுவ முற்படுவோம்.

கட்டுதலும் பாடுதலும்

‘பாட்டுக் கட்டுதல்’ என்பது நம் மக்களிடையே வழங்கும் சொல். ‘எழுதுதல்’ என்று அவர்கள் சொல்வதில்லை. தெரிந்த மெட்டில், தெரிந்த தொடர்களைக் கொண்டு, முன்னிருக்கும் ஆளையும் அன்றைய நிகழ்வையும் உள்ளே வைத்துப் பின்னுவதே கட்டுதல். ஒப்பாரி பாடும் பெண் முன்பே மனனம் செய்த பாடலை ஒப்பிப்பதில்லை. இறந்தவர் பெயர், அவர் செய்த நன்மை, அவர் விட்டுச்சென்ற குறை, உடன்பிறந்தார் செய்த கொடுமை என எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டுக்குள் வந்து சேரும். தாலாட்டும் அத்தகையதே. மாமன் பெயர் மாறினால் தாலாட்டும் மாறும்.

வாய்மொழிப் பாடலின் இவ்வியல்பை உலக ஆய்வரங்கில் நிறுவியவர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் ஆவர். 1930களில் யூகோஸ்லாவியாவில் பாரி தொடங்கிய களப்பதிவுகளின் அடிப்படையில் லார்டு 1960இல் வெளியிட்ட நூல், பாடுவதும் படைப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதைத் தெளிவாக்கியது. இக்கோட்பாட்டைத் தமிழுக்குக் கொணர்ந்த பெருமை க. கைலாசபதியைச் சாரும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவர் மேற்கொண்ட ஆய்வு 1968இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. சங்கப் பாடல்களைப் பாணர் மரபோடும் வாய்மொழி ஆக்கத்தோடும் இணைத்து நோக்கிய அந்நூலின் முடிவுகள் சிலவற்றில் அறிஞர் வேறுபட்டனர். ஆயினும் பாணனைப் ‘பிறர் பாட்டை நன்றாகப் பாடுபவன்’ என்று மட்டும் சுருக்கிவிட இயலாது என்பதை அதன்பின் எவரும் மறந்திலர்.

தமிழ் இலக்கண, இலக்கிய மரபும் இதனை அறிந்தே இருந்தது. தொல்காப்பியம் செய்யுளியலில் பண்ணத்தி என்றொரு வகை கூறப்படுகிறது. இளங்கோவடிகள் வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை ஆகியவற்றின் வடிவங்களைக் காப்பியத்துள் அமர்த்தினார். மகளிர் விளையாட்டிலும் உலக்கைப் பாட்டிலும் பிறந்த வடிவங்கள் அவை. அவற்றை எடுத்தாண்ட புலவர் பெயர் நமக்குத் தெரிகிறது. உலக்கை பிடித்துப் பாட்டுக் கட்டிய பெண்ணின் பெயர் தெரியவில்லை. எழுத்து மரபு வாய்மொழி மரபைத் தொடும்போதெல்லாம் நிகழும் இந்தப் பெயர் இழப்பே நம் காலத்தில் ஒலிப்பதிவின் வடிவில் மீண்டும் நிகழ்கிறது எனலாம்.

தோட்டப் பாட்டின் தனித்தன்மை

பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள் மலாயாவின் வரலாற்றையே மாற்றின. அவற்றைத் தொடர்ந்து எழுந்த தோட்டங்களுக்குத் தமிழகக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தம் பாடல்களையும் கொண்டுவந்தனர். வந்த பாடல்கள் வந்தபடியே இருக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

நடவு, களையெடுப்பு, ஏற்றம் ஆகிய தமிழகத் தொழிற்களங்களில் பலர் ஓரிடத்தில் ஒரே அசைவில் உழைக்கின்றனர். ஆகவே அங்கே முன்பாட்டும் பின்பாட்டும் இயல்பாக எழும். பால்வெட்டு வேலை அத்தகையதன்று. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்குடன் ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குத் தனியே செல்வர். வெயில் ஏறுமுன் மரங்களைச் சீவி முடிக்க வேண்டும். பின்னர் மங்குகளிலிருந்து பாலைச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் இடைவெளி மிகுதி. கூட்டுப்பாட்டுக்கு அங்கே இடம் குறைவு. ஆதலின் கூட்டுத் தொழிற்பாடல் தோட்டத்தில் பெரிதும் தனிக்குரலாகச் சுருங்கி, மற்றொருபுறம் இலயத்து வாசலுக்கும் மாரியம்மன் கோயில் திடலுக்கும் இடம்பெயர்ந்தது என்று கருத இடமுண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தோட்டத்தில் வலுவாக நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பொருளும் மாறியது. கப்பற்பயணம், கங்காணியின் ஆசைவார்த்தை, தண்டலின் ஏச்சு, கிராணியின் கணக்கு, துரையின் பங்களா ஆகியன பாடுபொருளாயின. 1942–1943 ஆண்டுகளில் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவர்களுக்காக எழுந்த புலம்பல்கள் தமிழ் ஒப்பாரி மரபு அதுவரை காணாத துயரத்தைச் சுமந்தன. இறந்த உடலே இல்லாத ஒப்பாரி அது. மலாய்ச் சொற்களும் இயல்பாகப் பாட்டில் புகுந்தன. இப்பாடல்களைத் தொகுத்தவர்களுள் முத்தம்மாள் பழனிசாமி குறிப்பிடத்தக்கவர். ‘நாடு விட்டு நாடு’ என்னும் தன்வரலாற்றை எழுதிய அவர், தோட்டச் சூழலை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால் அவர்தம் தொகுப்புப் பணி தனிமதிப்புடையது.

தோட்டத்துப் பாடகருக்குக் கேட்போர் யார் என்பது தெரியும். கங்காணியின் பெயரைச் சற்றே திரித்துக் கேலி செய்தால் இலயம் முழுதும் சிரிக்கும். கங்காணிக்கும் செய்தி போய்ச் சேரும். பாட்டின் ஆற்றல் குரலின் இனிமையில் மட்டும் இல்லை. யாரைப் பார்த்து, எந்த நாளில், என்ன சொல் சொல்லப்பட்டது என்பதில் அது தங்கியிருந்தது.

போட்டி மேடையின் அளவுகோல்

கிராமியப் பாடகரைப் பொதுவெளிக்குக் கொணர்ந்த முதற்கருவி தொலைக்காட்சிப் போட்டி அன்று. அதற்கு முன் வானொலி இருந்தது. சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி வானொலிவழி அறியப்பட்டு, 1985இல் ‘ஆண் பாவம்’ திரைப்படத்தில் நடித்துப் பாடினார். அவர் 2025இல் மறைந்தார். 2020இல் மறைந்த பரவை முனியம்மா 2003இல் ‘தூள்’ திரைப்படத்தின் மூலம் உலகத் தமிழர்க்கு அறிமுகமானார். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் களத்தில் சேகரித்த பாடல்களைத் தம் கணவருடன் மேடையேற்றி, 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கே. ஏ. குணசேகரன் தெம்மாங்கைச் சமூக விடுதலைப் பாட்டின் ஊர்தியாக்கினார். இவர்கள் யாரும் மதிப்பெண் பெற்று வந்தவர்கள் அல்லர்.

போட்டி மேடை இம்முறையை மாற்றியது. ஒரு பாட்டுக்குச் சில நிமிடங்கள். சுருதி, தாளம், உச்சரிப்பு, உணர்ச்சி என்னும் கூறுகளுக்கு மதிப்பீடு. அதன்பின் முகம் தெரியாத நேயர்களின் வாக்கு. இவ்வமைப்பில் மூன்று மாற்றங்கள் உடன் நிகழ்கின்றன. முதலாவது, காலம் சுருங்குகிறது. இரவு முழுதும் விரியக்கூடிய கதைப்பாட்டு, கைதட்டலுக்குரிய இரண்டு சரணங்களாகக் குறைகிறது. இரண்டாவது, கேட்போர் மாறுகின்றனர். பெயர் சொல்லிக் கேலி செய்ய அங்கே கங்காணி இல்லை. எல்லார்க்கும் பொதுவான ‘கிராமம்’ ஒன்றே பாடுபொருளாகிறது. மூன்றாவது, மதிப்பீட்டில் சொல்லுக்கு இடமில்லை. பாடுபவர் அச்சொல்லை உருவாக்கினாரா, பெற்றாரா, யாரிடமிருந்து பெற்றார் என்று நடுவர் கேட்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

‘கிராமியச் சுற்று’ என்று ஒரு வாரத்தை ஒதுக்கும் வழக்கம் இதன் தெளிவான அடையாளம். மெல்லிசை, துள்ளலிசை, பழம்பாடல் என்னும் வரிசையில் கிராமியமும் ஒரு சுவையாக வைக்கப்படுகிறது. எல்லாப் பாடகரும் அந்த ஒரு வாரம் தலைப்பாகை கட்டுகின்றனர். அடுத்த வாரம் அவிழ்த்துவிடுகின்றனர். வாழ்முறையாக இருந்தது இங்கே வேடமாகிறது.

செந்தில் கணேஷ், ராஜலட்சுமி: ஒரு மதிப்பீடு

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால் செந்தில் கணேஷ், ராஜலட்சுமி இணையரின் சாதனை தெளிவாகும். அவர்கள் போட்டியில் பிறந்தவர்கள் அல்லர். அதற்கு முன்பே ஊர்த் திருவிழா மேடைகளில் பாடிப் பழகியவர்கள். ஒரு வாரத்து வேடத்தை அவர்கள் முழுப் போட்டிக்குமான நிலையான அடையாளமாக மாற்றினர். தொலைக்காட்சி வகுத்த சட்டகத்துக்குள்ளிருந்தே அச்சட்டகத்தைச் சற்று வளைத்த செயல் அது. கிராமியப் பாடகர் என்றாலே பின்னணிக் கூட்டத்துக்கு உரியவர் என்றிருந்த எண்ணத்தை இது தகர்த்தது. இந்த ஆதாயத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

அவர்களுடன் சேர்த்துச் சொல்லப்பட வேண்டிய மூன்றாம் பெயர் ஒன்று உண்டு. அது செல்ல தங்கையா. ‘சின்ன மச்சான்’ பாடலை இயற்றியவர் அவர். செந்தில் கணேஷ் நாயகனாக நடித்து 2018இல் வெளிவந்த ‘கரிமுகன்’ திரைப்படத்தை இயக்கியவரும் அவரே. இவ்விணையரின் குரலில் பரவிய ‘சின்ன மச்சான்’, பின்னர் அம்ரீஷ் இசையில் 2019இல் வெளிவந்த ‘சார்லி சாப்ளின் 2’ திரைப்படத்தில் இடம்பெற்றது. பாடியவர்களும் அவர்களே; பாடலாசிரியர் என்ற இடத்தில் செல்ல தங்கையாவின் பெயரும் உண்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறி வினவி விடையிறுக்கும் வடிவில் அமைந்த பாட்டு அது. மேடையில் எதிரெதிர் நின்று பாடுவோர்க்கு ஏற்ற அவ்வடிவம் ஒலிப்பதிவிலும் சிதையவில்லை. மேடைப் பாடல் ஒன்று தன் பாடகரோடும் தன் ஆசிரியரோடும் சேர்ந்தே திரைக்குச் சென்றது என்பதில்தான் இதன் சிறப்பு உள்ளது. ‘மரபுப் பாடல்’ என்னும் பொதுப்பெயரின் கீழ் ஆசிரியர் பெயர் மறைந்துபோன நேர்வுகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

எனினும், அதன்பின் அமைந்த பாதை வேறு. அவ்விருவரும் 2019இல் ‘விஸ்வாசம்’ படத்தில் இமானின் இசையில் பாடினர். அதே ஆண்டில் ‘அசுரன்’ படத்தில் ஜி. வி. பிரகாஷ் குமாரின் இசையில் ராஜலட்சுமியின் குரல் ஒலித்தது. 2021இல் ‘புஷ்பா’ படத்தின் தமிழ் வடிவில் தேவி ஸ்ரீ பிரசாத் இசையில் அவர் பாடிய பாடல் மிகப் பரவலான வரவேற்பைப் பெற்றது. இவை ஒரு பின்னணிப் பாடகருக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த வாய்ப்புகள். ஆயின் இவற்றுள் அவர்களுக்கு வழங்கப்பட்ட பணி யாது? மெட்டு இசையமைப்பாளருடையது, சொல் திரைப்படப் பாடலாசிரியருடையது, சூழல் இயக்குநருடையது. தெலுங்கிலிருந்து பெயர்ந்த பாடலில் சொல்லின் அளவும் மெட்டின் வளைவும் முன்பே முடிவானவை. எஞ்சுவது குரலின் நிறம். சற்றே கரகரத்து, மூக்கொலி கலந்து, அடித்தொண்டையிலிருந்து எழும் அந்நிறம் ‘இது கிராமம்’ என்று கேட்போர்க்கு ஒரு நொடியில் உணர்த்துகிறது. கிராமியப் பாடகர் இங்கே ஓர் இசைக்கருவியின் இடத்தைப் பெறுகிறார். அக்கருவி அரியதுதான், ஆனால் கருவி பாட்டுக் கட்டுவதில்லை.

இது அக்கலைஞர்களின் குறையன்று. பின்னணிப் பாடல் என்னும் தொழிலின் அமைப்பே அத்தகையது. திரையிசையில் பாடுவோரும் இயற்றுவோரும் பிரிந்தே இருப்பர். பிற பாடகர்க்கு அப்பிரிவு இழப்பன்று. கிராமியப் பாடகர்க்கு மட்டும் அது தம் கலையின் பாதியை வாசலில் விட்டுச் செல்வதாகும்.

சொல்லின் உரிமை: அறிவின் பாடல் எழுப்பிய வினா

இதற்கு மறுபுறமாக, போட்டி மேடை வழியே வராமல் தாமே சொல் கட்டிப் பாடும் தலைமுறை ஒன்றும் உருவாகியுள்ளது. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு 2018இல் தோன்றிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் வழி அறியப்பட்டு, 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டவர். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ மலேசியத் தோட்டத் தமிழ் வாழ்வை ஆராய்வோர்க்கு நெருக்கமான பாடல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை அதன் மூலமாகக் கொண்டார் அறிவு. ஒப்பாரியின் ஓசையும் தோட்ட உழைப்பின் நினைவும் உலகளாவிய இசைப்பாடல் ஒன்றின் நடுவே வந்து அமர்ந்தன. போட்டி மேடையில் ‘கிராமியச் சுற்று’ தராத ஒன்றை இது தந்தது. குறிப்பிட்ட ஒரு பெண்ணின் பெயரையும் குறிப்பிட்ட ஓர் உழைப்பின் வரலாற்றையும் பாட்டுக்குள் வைத்தது.

ஆயினும் சொல் கட்டியவருக்கு உரிய இடம் அங்கேயும் எளிதில் உறுதியாகவில்லை. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது குறித்துக் கண்டனம் எழுந்தது. பின்னர் அவரைக் கொண்ட இணைய அட்டை ஒன்று வெளியிடப்பட்டது. 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அப்பாடல் பாடப்பட்டபோது, ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்னும் வாதம் பொதுவெளிக்கு வந்தது. இசையமைப்பாளரும் பாடகியும் தத்தம் விளக்கங்களை அளித்தனர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் பணியன்று. வாய்மொழி மரபின் ஒலியைக் கொண்டு கூட்டாக உருவாகும் ஓர் ஒலிப்பதிவில் ‘ஆசிரியர்’ என்பவர் யார் என்பதற்கு நம்மிடம் இன்னும் தெளிவான விடை இல்லை என்பதையே அவ்வாதம் காட்டியது.

சட்டம் ஓரளவுக்குத் துணை நிற்கிறது. இந்தியாவில் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமத்தொகைப் பங்கை வலுப்படுத்தியது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டம் அறிந்த ஆசிரியர் பெயருள்ள ஆசிரியரே. பாட்டியிடமிருந்து பெயரன் பெற்ற பாட்டுக்கும், அப்பாட்டைத் தொகுப்பாளரிடம் பாடிக்கொடுத்த மூதாட்டிக்கும் அதன் கட்டங்களில் பொருந்தும் இடம் எளிதில் கிட்டுவதில்லை. எனவே சட்டம் செய்ய இயலாததைப் புலமையும் கல்வியும் செய்ய வேண்டியுள்ளது.

பேராக்கின் நிலை

இனி நம் மண்ணுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிராமியப் பாடகர் திரைக்குச் சென்றாலும் அவருக்குப் பின்னே ஊர் இருக்கிறது. திருவிழா இருக்கிறது, அங்கே திரும்பிச் சென்று இரவு முழுதும் பாடலாம். பேராக்கில் அந்நிலை இல்லை. 1950களிலிருந்து நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் தொழிலாளரை நிலைகுலையச் செய்தது. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைத் தம் அரசியல் களமாகக் கொண்ட துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன்பின் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. மக்கள் ஈப்போ போன்ற நகர்களின் புறப்பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். இலயம் கலைந்தபோது இலயத்து வாசலில் பாடிய பாட்டின் கேட்போரும் கலைந்தனர்.

இந்த வெற்றிடத்தில்தான் தொலைக்காட்சியின் ‘கிராமம்’ வந்து அமர்கிறது. பேராக்கில் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிலும் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களிலும் நாட்டுப்புறப் பாடல் போட்டிகள் நடத்தப்படுகின்றன. ஆசிரியர்தம் உழைப்பால்தான் அவை நடைபெறுகின்றன என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். ஆனால் அம்மேடைகளில் பெரிதும் ஒலிப்பவை தமிழகத்து வயற்காட்டுப் பாடல்களும் திரைவழி வந்த தெம்மாங்குகளுமே. நாற்று நடுவதைக் கண்டிராத மாணவி நடவுப்பாட்டைப் புதுக்கோட்டை உச்சரிப்பில் பாடிப் பரிசு பெறுகிறாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி பாடிய பால்வெட்டுப் பாட்டில் வரும் ‘மங்கு’, ‘பெரட்டு’ என்னும் சொற்கள் அவளுக்குத் தெரியா. மாணவியின் திறமையில் குறையில்லை. நாம் அவளுக்குக் கொடுத்த பாடத்தில்தான் அவள் வரலாறு இல்லை.

அவ்வாறாயின் பேராக்கில் பாட்டுக் கட்டும் ஆற்றல் அற்றுப்போயிற்றா? அற்றுப்போகவில்லை, நாம் தேடாத இடங்களில் அது உயிர்த்திருக்கிறது. தைப்பூசத்தின்போது ஈப்போ கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் போன்ற தலங்களில் காவடிகளுக்கு முன்னே செல்லும் உறுமி மேளக் குழுக்களை எடுத்துக்கொள்வோம். மலேசிய உறுமி மேள இளைஞர்கள் பழைய மெட்டில் முனீசுவரரையும் காளியையும் அழைக்கும் புதிய பாடல்களைக் கட்டுகின்றனர். சில குழுக்கள் அவற்றை ஒலிப்பதிவாகவும் வெளியிட்டுள்ளன. சமய ஒழுங்கு நோக்கில் இக்குழுக்கள்மீது வைக்கப்படும் குறைகளை நாம் அறிவோம். ஆயினும் முன்பாட்டும் பின்பாட்டும், சூழலுக்கேற்பச் சொல் சேர்த்தலும், எதிரில் நிற்கும் அடியவரின் ஆட்டத்துக்கேற்ப ஓசையைக் கூட்டிக் குறைத்தலும் வாய்மொழி ஆக்கத்தின் கூறுகளே. எந்தப் போட்டியின் மதிப்பெண் தாளிலும் இவற்றுக்குக் கட்டம் இல்லை.

மற்றொன்று, சொல்லிசை. யோகி பியும் நட்சத்திராவும் இணைந்து 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, மலேசியத் தமிழ் இளைஞர் தம் சொல்லைத் தாமே கட்டிப் பாடலாம் என்னும் துணிவைப் பரப்பியது. தமிழ்நாட்டிலும் அதன் தாக்கம் உணரப்பட்டது. அதனை நாட்டுப்புற இசை என வகைப்படுத்துவது பொருந்தாது. எனினும் பாடுவோரே கட்டுவோர் என்னும் அடிப்படை அங்கே மீண்டது. தெம்மாங்கின் மெட்டைக் காக்கும் போட்டி மேடை, கட்டும் உரிமையைக் கைவிட்டது. மெட்டைத் துறந்த சொல்லிசையோ அவ்வுரிமையைக் காத்தது. நாட்டுப்புற மரபின் தொடர்ச்சியை எதில் காண்பது என்று ஆய்வாளர் இனி வினவியே ஆகவேண்டும். நம்மைக் கேட்டால், இரண்டாவதில் காண்பதற்கு வலுவான காரணங்கள் உள்ளன என்போம்.

முடிவுரை

போட்டி மேடையை ஒழிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அது தரும் துணிவும் அடையாளமும் வாழ்வாதாரமும் உண்மையானவை. செந்தில் கணேஷ், ராஜலட்சுமி இணையரின் வெற்றி எத்தனையோ திருவிழாப் பாடகர்க்குத் தலைநிமிர்வைத் தந்தது. ஆனால் அம்மேடையின் அளவுகோலையே பள்ளியும் பல்கலைக்கழகமும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தொலைக்காட்சிக்கு நேரக் கட்டுப்பாடும் விளம்பரக் கட்டாயமும் உண்டு. நமக்கு அவை இல்லை.

மூன்று செயல்கள் உடனடியாக இயலும். ஒன்று, நாட்டுப்புறப் பாடல் போட்டிகளில் மாணவர் தாமே கட்டிய ஒரு கண்ணியைச் சேர்க்க வேண்டும் என்று விதிக்கலாம். மெட்டு மரபினதாகவும் சொல் அவர்தம் ஊரினதாகவும் இருக்கட்டும். கண்ணி முதலில் கரடுமுரடாகவே அமையும்; கட்டப் பழகுவோர்க்கு அது இயல்பே. இரண்டு, பாடப்படும் பாட்டை யாரிடமிருந்து பெற்றார், எவ்வூரில் பெற்றார் என்பதை மாணவர் பாடும் முன்பே சொல்ல வேண்டும்; அதற்கும் மதிப்பெண் உண்டு என்று நடுவர் அறிவிக்க வேண்டும். பாட்டியின் பெயர் மேடையில் ஒலிக்கட்டும். மூன்று, துறைகளின் களப்பணித் தொகுப்புகளில் பாடலுடன் பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் பதிவு நாளும் அவர் இசைவோடு பதியப்பட வேண்டும். ‘மக்களிடையே வழங்குவது’ என்னும் ஒற்றை வரியோடு அமைவது, உலக்கைப் பாட்டுப் பெண்ணுக்கு முன்பு நிகழ்ந்த இழப்பை நாமே மீண்டும் நிகழ்த்துவதாகும்.

இரப்பர்க் காட்டில் பாடியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் முதுமையின் விளிம்பில் உள்ளனர். அவர்களோடு பல பாடல்கள் மறையும் என்பது உண்மை. அவற்றுள் சிலவற்றை ஒலிநாடாவும் கணினியும் காக்கும். பாட்டுக் கட்டும் பழக்கத்தை மட்டும் எந்தக் கருவியும் காக்காது. அதனை அடுத்த தலைமுறையின் வாயில் வைத்தாலன்றி அது நிலைக்காது. பேராக்கிலிருந்து நாளை ஒரு கிராமியப் பாடகர் போட்டி மேடையேறி ஒலிப்பதிவுக் கூடத்தையும் அடையக்கூடும். அவர் எத்தனை பாடல்கள் பாடினார் என்று பிறர் எண்ணுவர். அவற்றுள் எத்தனை அவர் கட்டியவை என்று எண்ண வேண்டியவர்கள் நாம்.